பால் பட்ட தட்டு

டிலான்சி தெருவில் இருந்த அந்த யூத இறைச்சி உணவகத்தில் ஹெஷல் முப்பது வருடமாகப் பரிமாறுகிறவர். திட்டாமல் ஒரு தட்டு வைக்க மாட்டார் என்று பெயர் வாங்கியவர். அந்த ஞாயிறு மதியம் ஃப்ராடல் அம்மாள் மகன் லெய்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தபோது, திட்டை வலிய வரவழைக்க வேண்டியிருந்தது.

“என்ன மூஞ்சி இது? சாப்பிட வந்தீங்களா, துக்கம் கேக்க வந்தீங்களா?”

“உன் மூஞ்சியப் பாக்கத்தான் வந்தோம். அந்தத் தண்டனையே போதும்,” என்று கிழவி சிரித்தாள்.

போன வாரம் வாசலில் நின்று லெய்சர் சொன்னது ஹெஷலின் நெஞ்சை விட்டுப் போகவில்லை. “அம்மா ரெண்டு தடவை அடுப்ப அணைக்காம விட்டுட்டாங்க அண்ணே. இன்னொரு தப்பு நடந்தா முதியோர் இல்லந்தான்.”

ஹெஷல் சூடான பாஸ்ட்ராமி இறைச்சித் தட்டையும் தேநீரையும் வைத்தார். லெய்சர் அம்மாவுக்குக் கை கழுவிவிட்டு, ஜபம் சொல்லி முதல் துண்டு ரொட்டியை அவள் வாயில் போடும்வரை இருந்துவிட்டு, தன் கையைக் கழுவ மூலைத் தொட்டிக்குப் போனான்.

கிழவி கைப்பையைத் திறந்தாள். சின்னப் புட்டியில் பால். நிதானமாகத் தேநீரில் ஊற்றினாள். மீதி இறைச்சியின் மேல் சொட்டியது.

கறியோடு பால் சேரக் கூடாது என்பது யூத விதி. பாலுக்கு ஒரு கரண்டி, கறிக்கு ஒரு கரண்டி என்று ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவள். சந்தேகம் என்று இதே கடையில் ஒரு கரண்டியைத் திருப்பி அனுப்பியவள்.

லெய்சர் பார்ப்பதற்குள், ‘ஆண்டவனே, பொறுத்துக்கோ’ என்று ஹெஷல் முழங்கையால் ஒரு தள்ளு. தட்டும் கோப்பையும் தரையில் சிதறின. மேலே துணியைப் போட்டார்.

“கையா அது, கட்டையா?” என்று கல்லாவிலிருந்து முதலாளி கத்தினார்.

“கட்டைதான் முதலாளி! இப்பத்தான் தெரிஞ்சுதா?”

லெய்சர் ஈரக்கையோடு திரும்பினான். கை கழுவியபின், ஜபம் சொல்லி ரொட்டியை வாயில் போடும்வரை பேசக்கூடாது. அவன் கண் திறந்திருந்த பையைப் பார்த்தது. அம்மாவின் சட்டைக் கையில் இருந்த வெள்ளைச் சொட்டைப் பார்த்தது. உட்கார்ந்தான். ஜபம் சொன்னான். மென்றான். ஒரு வாய் ரொட்டி இறங்க அவ்வளவு நேரமாகும் என்று ஹெஷலுக்கு அதுவரை தெரியாது.

“பாத்துட்டேன் அண்ணே,” என்றான் மெதுவாக. “நீங்க தட்ட உடச்சா அடுப்பு தானா அணஞ்சிடுமா?”

அந்தக் கேள்விதான் ஹெஷலையும் அரித்துக்கொண்டிருந்தது.

“அணையாது,” என்றார். “எனக்குக் கட பதினோரு மணிக்குத்தான். உங்கம்மா வீடு நான் வர்ற வழிதான். காலையில மாடி ஏறி, அடுப்பப் பாத்து, ரெண்டு திட்டும் திட்டிட்டு வர்றேன்.”

“எத்தன நாளைக்கு?”

“நாளைக்கு. அப்புறம் நாளன்னிக்கு.”

லெய்சர் கைக்குட்டையால் அம்மாவின் சட்டைக் கையைத் துடைத்தான். துடைத்து முடித்தும் கையை எடுக்கவில்லை. “சரி, பாப்போம்,” என்றான்.

புதுத் தேநீர் வந்தது. கிழவி அதை முகர்ந்து பார்த்தாள். பழைய கண்டிப்பு முகத்தில் வந்தது. “ஹெஷல், இதுல பால் கீல் படலையே? உன்னை நம்ப முடியாது.”

இருவரும் அவளையே பார்த்தார்கள். ஹெஷலுக்குத் திட்டு வாயில் வரவில்லை.

“படலம்மா. சுத்தமா இருக்கு,” என்றார். பிறகு குனிந்து சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.