துறைமுக ஊருக்கு வரும் ரசிகர்களுக்கு

மஞ்சள் அணி எந்த ஊருக்கு ஆடப் போனாலும், முன்கூட்டியே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து ரசிகர்களுக்கு வழி எழுதிக் கொடுப்பது அவளுடைய வேலை. எந்த ரயிலில் வருவது, எங்கே தங்குவது, மைதானத்துக்கு எந்தத் தெரு வழியாக நடப்பது, எந்தக் கடையில் மஞ்சள் சட்டையோடு நுழைந்தால் முறைப்பார்கள் என்று ஒன்று விடாமல் எழுதுவாள். கால்பந்து பைத்தியங்கள் அவள் எழுத்தை நம்பிப் பெட்டி கட்டின.

இந்தத் துறைமுக ஊரை மட்டும் அவள் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள். காரணம் அண்ணன். துறைமுகத்தில் இரும்புத்தாது கொட்டும் முற்றத்தில் வேலை கிடைத்துப் போனவன், போன வேகத்தில் உள்ளூர் அணியான நங்கூரத்துக்குக் கொடி பிடிக்க ஆரம்பித்துவிட்டான். அப்பாவோ பரம்பரை மஞ்சள். கேலியாகத்தான் தொடங்கியது. ஒரு பெரிய ஆட்டம் முடிந்த சூட்டில் போனில் இருவருக்கும் வார்த்தை தடித்தது. அதோடு பேச்சு நின்றது. அவள் அண்ணனைப் பார்க்கப் போனால் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கோப்பை அரையிறுதியில் நங்கூரமும் மஞ்சளும் மோதுவது என்று ஆனபிறகு தப்பிக்க வழியில்லை. ஒரு வாரம் முன்னதாகவே ரயில் ஏறினாள்.

அண்ணன் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது.

"என்ன வாலு, ஒருவழியா எதிரி நாட்டுக்கு வந்துட்டியா?"

"ஏன் இப்படி எலும்பும் தோலுமா இருக்கே? அண்ணி சோறு போடறதில்லையா?"

"அவ போடறா. நங்கூரம் ஆடற ஆட்டத்துக்கு உள்ள இறங்க மாட்டேங்குது" என்று சிரித்தான்.

மைதானத்துக்கு நடந்தே காட்டுவதாகச் சொன்னான். அவன் வழிகாட்டியது அவளுக்கு வியப்பாக இருந்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்றான். தண்டவாளப் பாலத்தின் மேல் நின்று கிரேன்களைக் காட்டி, மூடுபனி நாளில் அவற்றின் விளக்கைப் பார்த்துத்தான் ரசிகர்கள் வீடு திரும்புவார்கள் என்றான். உருக்காலைச் சுவரில் சாய்ந்துகொண்டு, இந்தச் சுவருக்குப் பின்னால் ஷிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மைதானத்துச் சத்தத்தை வைத்தே கோல் யாருடையது என்று சொல்லிவிடுவார்கள் என்றான். பூட்டிக் கிடந்த வலைக் கிடங்கின் படியில் உட்கார்ந்து, நங்கூரம் அணி இங்கே உடை மாற்றிக்கொண்ட காலத்தைச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டாள்.

"என் வேலைய நீ பாத்திருக்கணும்ண்ணே. நான் இருபது ஊரு சுத்திருக்கேன், இப்படி ஒருத்தனும் சொன்னதில்ல."

"நம்ம ஊருல்ல. சொல்ல இருக்கு."

மாலையில் குடியிருப்புக்குப் போனார்கள். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அண்ணன் சொந்த வீட்டுக் கூடத்தில் உட்காருவதுபோல அதில் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு ஒதுங்கி ஏறிப் போனாள். நாற்காலி அங்கே ஏன் இருக்கிறது என்று யாருக்கும் ஆச்சரியமில்லை.

"இந்த ஜன்னல் வழியா பாரு..." என்று தொடங்கினான். ஜன்னலுக்கு வெளியே காட்டுவதற்கு ஒன்றுமில்லை. எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் இருந்தது. அவன் மார்பு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

பாலமும் சுவரும் கிடங்குப் படியும் அவளுக்கு அப்போதுதான் விளங்கின. ஒன்றும் கேட்காமல் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, அவன் எழுந்திருக்கும்வரை சுவரையே பார்த்தாள்.

அண்ணி சமையலறையில் கழுவி வைத்த தட்டுகளை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். துணியில் சிவப்பாக ஒட்டியது. ஜன்னலை அடைத்து வைத்தாலும் தாதுத் தூசி எப்படியோ உள்ளே வந்துவிடும்.

"நுரையீரல் பாதிதான் வேலை செய்யுதாம்" என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "போனது திரும்பாதுன்னுட்டார் டாக்டர். இப்ப கேட்ல உக்கார வெச்சிருக்காங்க. உங்க அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காரு."

"ஏன் அண்ணி?"

"கட்சி மாறிப் போனான், அனுபவிக்கட்டும்னு சொல்லிடுவாரோன்னு பயம். வேற என்ன?"

ஆட்டத்தன்று அவள் மஞ்சள் கூட்டத்தோடு உட்காராமல் அண்ணனோடு நங்கூரத்தின் பக்கம் போனாள். முன்பெல்லாம் மேல் வரிசையில் நின்று ஊரே அதிரக் கத்துவானாம். அந்தக் குரலுக்காகவே அவனுக்குச் சங்கு என்று பெயர். இப்போது படியேறத் தேவையில்லாத முதல் வரிசை. போவோர் வருவோரெல்லாம் தோளைத் தட்டினார்கள்.

"சங்கு அண்ணே, ஒரு சத்தம் விடுங்க. பயலுங்க சும்மா நிக்கிறானுங்க."

"தொண்டை கட்டிருக்குடா" என்று கையை ஆட்டினான்.

நங்கூரம் முதல் கோல் போட்டது. மைதானமே எழுந்தது. அண்ணனும் எழுந்து வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றான். பின்னாலிருந்தவர்களுக்கு அது ஆனந்தக் கூத்தாகத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் பாதியில் மஞ்சள் சமன் செய்தது. முடிவுக்குச் சற்று முன் இன்னொன்றும் போட்டது. அவள் அசையாமல் இருந்தாள்.

"எந்திரிச்சுக் கத்துடி."

"வேணாம்ண்ணே."

"எனக்காகப் பாவம் பாத்து உக்காந்திருக்கியா? அது தோக்கறத விட அசிங்கமா இருக்கு. கத்து!"

அவள் எழுந்து கத்தினாள். சுற்றியிருந்த நங்கூரக்காரர்கள் திட்டினார்கள். கண்ணீர் வழிந்ததை அவர்கள் வெற்றிக் களிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

நெரிசலில் அவனால் நடக்க முடியாது என்பதால் மைதானம் காலியாகும்வரை காத்திருந்தார்கள். பெருக்குகிறவர்கள் காகிதக் கோப்பைகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாகிட்ட சொல்லப் போறேன்" என்றாள்.

"சொன்னே, அதோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

"பரவாயில்ல."

அவன் வீடுவரைக்கும் பேசவில்லை. மறுநாள் ரயிலடிக்கும் வரவில்லை.

வண்டியில் ஏறுவதற்கு முன்பே அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த ஊருக்கு வண்டி எப்போ?" என்றார். ரசிகர்களுக்கெல்லாம் எழுதியதை அப்பாவுக்கு ஒருமுறை வாயால் சொன்னாள்.

அங்கே நடந்ததை அண்ணிதான் பிற்பாடு சொன்னாள். அப்பா மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலருகே நின்றார். மகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"அந்த ரெண்டாவது கோல் ஆஃப்சைடுடா" என்றார்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. "அதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"ஆமா. டிவியில மறுபடி மறுபடி போட்டுப் பாத்தேன். சுத்தமான ஆஃப்சைடு. நம்மாளு ரெண்டடி முன்னால நிக்கிறான்."

அப்பா திரும்பிப் போகவில்லை. அங்கேயே தங்கி, மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், கூட்டி வந்தார். தங்கையோடு அண்ணன் பேச வெகுநாள் ஆயிற்று. பேசியபோதும் பழைய கேலி இல்லை. சாப்பிட்டியா, வேலை எப்படி என்பதோடு போனை அண்ணியிடம் கொடுத்துவிடுவான். அடுத்த பருவத்து ஆட்டங்கள் தொடங்குமுன் அவன் இறந்துபோனான்.

காரியங்கள் முடிந்ததும் அண்ணியைத் தங்களோடு வரச் சொல்லி அவளும் அப்பாவும் கெஞ்சினார்கள். அண்ணி கேட்கவில்லை. துறைமுகத்திலேயே அண்ணிக்கு வேலை கொடுத்திருந்தார்கள். எடை போடும் கூண்டில், தாது முற்றத்துக்கு நேர் எதிரே.

"உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணி? அதே தூசி."

"இப்பல்லாம் மாஸ்க் குடுக்கிறாங்க" என்றாள் அண்ணி, சீருடைச் சேலையை மடித்துக்கொண்டே. "வேற எங்க போய் நான் என்ன பண்ண?"

அவள் அப்பாவின் பையையும் தன் பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.