ட்ரோன் கிளம்பிய இடம்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியமாக உண்மை. வலது கையைத் தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம். நம்பிக்கை வராவிட்டால் இடது கையையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்காவது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால், அது நடந்ததே அப்படிக் கூடுதலாகத்தான் நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உலகத்தில் ஆகாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எங்க இருக்கீங்க?"

அவர் பொறுப்பில் நாற்பத்து மூன்று லிஃப்ட்டுகள் இருந்தன. நாற்பத்து மூன்றும் ஒரே நாளில் நின்றதில்லை. ஒன்றாவது நிற்காத நாளும் இருந்ததில்லை. நின்ற லிஃப்ட்டுக்குள் இருப்பவர் முதலில் எல்லா பட்டனையும் அமுக்குவார், பிறகு கதவை உதைப்பார், பிறகு மெக்கானிக்குக்கு ஃபோன் செய்வார். ஒரு தடவை நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு பெரிய அதிகாரி மாட்டிக்கொண்டார். மெக்கானிக் லிஃப்ட் பெட்டியின் கூரை மேலேயே குந்தியிருந்து கதவின் பூட்டை விடுவித்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"உங்க தலைக்கு மேல சார்."

"திமிரா பேசாதீங்க. கரெக்டா இடத்தச் சொல்லுங்க."

"மேல தட்டுறேன் சார். கேக்குதா?"

"கேக்குது. அது யாரு?"

வீட்டிலும் விமோசனம் கிடையாது. அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது மனைவி பாத்ரூம் கதவைத் தட்டி, "ஏங்க, எங்க இருக்கீங்க?" என்பார். கடைசி வார்த்தையைக் கேட்பதற்குள் சோப்பு கண்ணுக்குள் போய்விடும்.

அதனால்தான் ட்ரோன். பறப்பதில் அவருக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கயிற்றில் தொங்கும் பெட்டிகளோடு மல்லுக்கட்டியவருக்குக் கயிறே இல்லாமல் ஒன்று மேலே போய், சொன்ன இடத்தில் நிற்பதைப் பார்க்கக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதைவிடப் பெரிய நிம்மதி, பறக்கவிடும் இடம். மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கின் பின்னால், மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் முள்செடியுமாக ஒரு மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே போவார். ஃபோனை அணைத்து, ஒரு தகர டப்பாவில் போட்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டுவார். இரண்டு பேட்டரி, தலா இருபது நிமிடம். அந்த நாற்பது நிமிடம் அவர் எங்கே இருக்கிறார் என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாது. வாரத்தின் மீதி நேரத்தை அவர் தாங்கியதே அந்த நாற்பது நிமிடத்தை நம்பித்தான்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் மைத்துனர்.

மனைவியின் தம்பியான அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு குடியிருப்பில் இருந்தார். அங்கே சங்கச் செயலாளர். சுற்றறிக்கை என்றால் அவருக்கு உயிர். ஒரு நாள் காலை பல் துலக்குவதற்கு முன்பே கையில் ஒரு தாளோடு வந்துவிட்டார்.

"அத்தான், புது சட்டம். இனிமே எல்லா ட்ரோன்லயும் அடையாள மாட்யூல் மாட்டணும்."

"மாட்டினா?"

"உங்க ட்ரோன் நம்பர், எவ்ளோ உயரம், எவ்ளோ வேகம், எங்கேருந்து கிளம்புச்சு, எல்லாத்தையும் அதுவே சுத்தி இருக்கற ஃபோனுக்கெல்லாம் அறிவிச்சுடும். யார் வேணா ஆப்ல பாக்கலாம்."

"யார் வேணாவா?"

"யார் வேணா. ஒளிச்சு வைக்க எதுவும் இல்லேன்னா ஏன் பயப்படுறீங்க அத்தான்?"

மெக்கானிக் வாயில் பிரஷ்ஷோடு நின்றதால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பல் துலக்கி முடித்தபோது மைத்துனர் போய்விட்டிருந்தார். பதில் மட்டும் ஒரு வாரம் வாய்க்குள்ளேயே இருந்தது.

அதை ட்ரோன் பதிவு அலுவலகத்தில் கொட்டினார். அங்கே கவுண்ட்டரில் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமல் முத்திரை குத்திக்கொண்டே பேசினார்.

"இது எதுக்கு சார்?"

"பாதுகாப்புக்கு."

"யாரோட பாதுகாப்புக்கு?"

"பொதுமக்களோட பாதுகாப்புக்கு."

"நானும் பொதுமக்கள்ல ஒருத்தன்தானே?"

"அதுக்கு வேற ஃபாரம்."

"சார், ஸ்கூட்டருக்கும்தான் நம்பர் பிளேட் இருக்கு. வேணாம்னு யாராவது சொன்னோமா? ஆனா அதுல நம்ம நிக்கிற இடத்த எழுதி வச்சுக்கிட்டா ஓட்றோம்? போலீசுக்குத் தெரியட்டும். தெருவுல போறவனுக்கு எதுக்குத் தெரியணும்?"

"உங்க பேர், வீட்டு விலாசம் எதுவும் அதுல வராது. கவலைப்படாதீங்க. கிளம்பின இடம் மட்டும்தான் வரும்."

"கிளம்பின இடத்துலதான் சார் நான் நிப்பேன்!"

"பின்ன வேற எங்க நிப்பீங்க?" என்று கேட்டு, குமாஸ்தா அவருடைய தாளிலும் ஒரு குத்து குத்தினார்.

மாட்யூல் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ட்ரோனின் முதுகில் ஒட்டிக்கொண்டு அந்த ஞாயிறு மைதானத்துக்குப் போனார். ஆறாவது நிமிடத்தில் முதல் ஆள் வந்தார். தோளில் துண்டு, முகத்தில் பாதி ஷேவிங் சோப்பு, கையில் ஃபோன்.

"நீங்கதானா அந்த ட்ரோனு? எங்க மொட்ட மாடித் தண்ணித் தொட்டி மூடி இருக்கா இல்லையான்னு மேலருந்து கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். ஏற முடியல."

அவர் போவதற்குள் ஏழாவது மாடி அம்மாள் வந்துவிட்டார். அவருடைய துணிக்கொடியைப் படம் எடுத்ததாகப் புகார். மெக்கானிக் ரிமோட்டின் திரையைக் காட்டினார். அதில் கிடங்கின் கூரையும் மூன்று காகமும் தெரிந்தன.

"இத எதுக்குப் படம் எடுக்குறீங்க?" என்றார் அம்மாள், இன்னும் அதிகச் சந்தேகத்தோடு.

பிறகு காணாமல் போன பூனையைத் தேடுகிறவர். பிறகு அந்தப் பூனை தன் வீட்டுக்கு வரக் கூடாது என்று சொல்கிறவர். பிறகு நாற்பத்து மூன்று லிஃப்ட்டுகளில் பதினேழாவது லிஃப்ட்டின் குடித்தனக்காரர், மூச்சிரைக்க.

"ஃபோன் எடுக்க மாட்டேங்கறீங்க. ஆனா ஆப்ல இருக்கீங்க! படியிலயே ஒம்பது மாடி எறங்கி வர்றேன்."

கடைசியாக மடக்கு நாற்காலியோடு மைத்துனர். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அத்தான். பாத்தீங்களா, ஆப் எவ்ளோ துல்லியமா கொண்டாந்து விடுது!"

மெக்கானிக் அன்று இரண்டாவது பேட்டரியைப் போடவே இல்லை.

அடுத்த ஞாயிறு நடந்ததை வேறு தொழில்காரர் செய்திருக்க மாட்டார். எந்த எந்திரத்தையும் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே ஓடவிட்டுப் பார்ப்பது லிஃப்ட்காரர்களின் பழக்கம். போன இடத்தில் ஓடாவிட்டால் யார் திட்டு வாங்குவது? மாட்யூலுக்கோ செயற்கைக்கோள்களைப் பிடிக்க ஐந்து நிமிடம் வானம் தெரிய வேண்டும். வீட்டில் வானம் தெரிவது பாத்ரூம் ஜன்னலில் மட்டும். அதன் விளிம்பில் மாட்யூலை வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்று ஷேவ் செய்துகொண்டார். பச்சை விளக்கு எரிந்தது. அணைத்தால் மறுபடி பிடிக்க வேண்டுமே என்று அணைக்காமலே எடுத்துப்போனார்.

மைதானத்துக்கு யாரும் வரவில்லை. ஒரு ஆள், ஒரு பூனை, ஒரு துண்டு கிடையாது. நாற்பது நிமிடமும் முழுசாகக் கிடைத்தது. ஜனங்களுக்கு ஒரே வாரத்தில் இங்கிதம் வந்துவிட்டதே என்று நெகிழ்ந்துபோய் வீடு திரும்பினார்.

வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு.

உள்ளே பாத்ரூம் கதவுக்குக் குறுக்கே மனைவி, துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

"ஏங்க, எங்க போய்த் தொலைஞ்சீங்க? இவங்கெல்லாம் நம்ம பாத்ரூமப் பாக்கணுமாம்!"

"அம்மா, ஆப்ல அங்கேருந்துதான் கிளம்பினதாக் காட்டுது," என்றார் தண்ணீர்த் தொட்டிக்காரர், பணிவாக. "ஆளு உள்ளதான் இருக்கணும்."

"உள்ள யாரும் இல்ல!"

"தண்ணி சொட்ற சத்தம் கேக்குதே."

"அது ஆறு மாசமாச் சொட்டுது! நாப்பத்து மூணு லிஃப்ட்டப் பாக்கறவருக்கு ஒரு குழாயப் பாக்க நேரமில்ல!"

பதினோரு பேரும் திரும்பி மெக்கானிக்கைக் குற்றவாளியாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டே அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மாட்யூல் எங்கே முதலில் கண் விழிக்கிறதோ, அதுதான் கிளம்பிய இடம் என்று அதற்கு நினைப்பு. அணைத்துப் போடும் வரை அந்த நினைப்பு மாறாது. ட்ரோன் எங்கே பறந்தால் என்ன? ஜனங்களுக்கு வேண்டியது ஆள். ஆளைத் தேடி அவர்கள் போவது கிளம்பிய இடத்துக்கு.

மறு ஞாயிறு ஆறரை மணிக்கு மெக்கானிக் மைத்துனர் வீட்டுக்குப் போனார். இரவல் வாங்கிய துளைபோடும் மெஷினைத் திருப்பிக் கொடுக்க. இரண்டு வருடமாகத் திருப்பாத மெஷின்.

"உள்ள வாங்க அத்தான்!"

"இல்ல மாப்ள, பால்கனியில கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போறேன்."

பூந்தொட்டிக்குப் பின்னால் ஐந்து நிமிடம். பச்சை விளக்கு. அவ்வளவுதான்.

முதல் வாரம் மைத்துனர் வீட்டுக்கு இருபது பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவர் இரவல் கேட்கப் போனார்; அறுபது பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் தரப் போனார். அன்றைக்கு வரிசை மாடிப்படி இறங்கி, கேட்டைத் தாண்டி, தெருமுனை தபால் பெட்டி வரை நின்றது. பூனைக்காரர் பூனையின் படத்தை மைத்துனர் வீட்டுக் கதவில் ஒட்டினார். ஏழாவது மாடி அம்மாள் துணிகளையே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, எந்தெந்தத் துணி படத்தில் இருக்கிறது என்று கேட்டார். வந்தவர்கள் உட்கார இரண்டு பெஞ்சு போட்டார்கள். யார் போட்டார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கூட்டத்தின் கனத்தில் குடியிருப்பு கிழக்குப் பக்கமாக நான்கு அங்குலம் சாய்ந்தது. நூல்குண்டு விட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மைத்துனர் அதே அலுவலகத்துக்கு ஓடினார்.

"சார், எங்கிட்ட ட்ரோனே கிடையாது. ஆனா எல்லா ஃபோன்லயும் என் பால்கனியக் காட்டுது!"

"இல்லேன்னு சொல்றதுக்கு அத்தாட்சி?" என்றார் குமாஸ்தா, குத்திக்கொண்டே.

"இல்லாததுக்கு எப்படி சார் அத்தாட்சி குடுக்கறது?"

"உங்க பேர்ல ஒரு மாட்யூல் பதிவு பண்ணி, அத எந்த ட்ரோன்லயும் மாட்டாம வச்சிருங்க. அது பறக்கலேன்னா உங்ககிட்ட ட்ரோன் இல்லேன்னு நாங்க புரிஞ்சுக்குவோம்."

"அது என் வீட்டைத்தானே சார் நாள் பூரா காட்டிட்டிருக்கும்?"

"ஒளிச்சு வைக்க எதுவும் இல்லேன்னா ஏன் பயப்படுறீங்க?"

இதை மைத்துனரே அக்காவிடம் வந்து சொல்லி அழுதார். பக்கத்து அறையில் மெக்கானிக் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான்காவது ஞாயிறு. மைதானத்தில் ஈ காக்காய் இல்லை. முதல் பேட்டரி பாதிதான் தீர்ந்திருந்தது. முள்செடிப் பக்கம் சலசலப்பு. தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, கக்கத்தில் மடக்கு நாற்காலியோடு மைத்துனர் தவழ்ந்து வந்தார்.

"அத்தான், வீட்ல நிக்க இடமில்ல. போன வாரம் பெஞ்சுல உக்காந்து எங்கிட்டயே ஒருத்தர் 'வரிசையில வாங்க'ங்கறார். ஊர் முழுக்கச் சுத்திப் பாத்துட்டேன். இங்க மட்டும்தான் யாருமே வர்றதில்ல. ஏன்னு தெரியுமா?"

மெக்கானிக்குக்குத் தெரியும். சொன்னால் நாற்பது நிமிடம் போய்விடும். சொல்லாவிட்டால் மைத்துனர் போக மாட்டார்.

"தெரியல மாப்ள," என்றார்.

"நல்ல எடம். இனிமே வாராவாரம் வந்துடறேன். நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன், நீங்க பாட்டுக்குப் பறக்க விடுங்க. ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அரை நிமிடம் பேசவில்லை.

"அத்தான், அந்தக் காக்கா ஏன் ஒத்தக் கால்ல நிக்குது?"

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது மைத்துனரின் ஃபோன் அடித்தது. அதை அணைத்து டப்பாவில் போட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

"அக்கா! ஆமா, அத்தான் கூடத்தான் இருக்கேன். கிடங்கு இருக்கில்ல, அதுக்குப் பின்னாடி. முள்செடியத் தாண்டி வரணும். ஆமா, வாராவாரம் இங்கதான் வருவாராம். இரு, குடுக்கறேன். அத்தான், அக்கா உங்ககிட்டப் பேசணுமாம்."

மெக்கானிக் ஒரு கையில் ரிமோட்டைப் பிடித்தபடி, மறு கையில் ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார். மேலே ட்ரோன் கயிறில்லாமல், சொன்ன இடத்தில், அசையாமல் நின்றது.

"ஏங்க," என்றது ஃபோன். "எங்க இருக்கீங்க?"

இன்னும் நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்: அந்த மாட்யூல், கடையில் ஒட்டிய முத்திரை கிழியாத பெட்டியோடு, இன்றுவரை மெக்கானிக் வீட்டு பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது.