பச்சை வயர் இல்லாத பெட்டி

முதல் இடி உருண்டதும் கேபிள்காரர் ஜன்னலைப் பார்த்தார். எழுந்துபோக வழியில்லை. மேலாளர், அதாவது அவர் மனைவியின் அண்ணன், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலைமை அலுவலகத்திடம் திரையில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசமா ஒரு மெஷின்கூட போகலைங்க. எல்லாம் நாங்க மாட்டின மின்னல் தடுப்புப் பெட்டியாலதான்."

இன்டர்நெட் வருவது எதிர்க் கட்டடத்திலிருந்து, வெட்டவெளியில் இழுத்த கேபிளில். அது நுழையும் ஜன்னலோரம் பெட்டி இருந்தது வாஸ்தவம். மின்னலை மண்ணில் இறக்க வேண்டிய பச்சை எர்த் வயர்தான் இல்லை. புதுப் பெயின்ட் அடித்த சுவருக்கு அசிங்கம் என்று மேலாளரே வெட்டச் சொல்லிவிட்டார். மச்சானை எதிர்த்தால் வீட்டில் சோறு இறங்காது. வெட்டினார். மாதாமாதம் 'எர்த் சரி' என்று கையெழுத்தும் போட்டார். வானம் இருட்டினால் மட்டும் ஓசைப்படாமல் வந்து கேபிளைப் பிடுங்குவார், மழை வெறித்ததும் செருகுவார். பெட்டி வாங்கிய நல்ல பெயரெல்லாம் அவருடைய இரண்டு விரல்கள் சம்பாதித்தது.

"சார், பாத்ரூம்..."

"உக்காருங்க மாப்ள," என்றார் மேலாளர், சிரிப்பு கலையாமல்.

மின்னல். மனதுக்குள் எண்ணினார். ஒன்பதில் இடி. அடுத்தது ஐந்தில்; நெருங்குகிறது. பிடுங்கினால் ஆறு கையெழுத்தும் சந்தி சிரிக்கும். விட்டால் அலுவலகமே கருகும். அதற்கும் அதே கையெழுத்துதான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றில் இடித்தது. எழுந்துபோய்ப் பிடுங்கினார். திரையில் தலைமை அலுவலகம் பாதிச் சிரிப்பில் உறைந்தது.

"என்ன மாப்ள இது?"

பச்சை வயரிலிருந்து கையெழுத்து வரை கொட்டிவிட்டார். வேலை போனாலும் நிம்மதி என்றிருந்தது.

மேலாளர் கதவைச் சாத்தினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மச்சான்."

"நல்லது. பன்னெண்டு கிளைக்கும் இதே பெட்டி மாட்டச் சொல்லிட்டாங்க. உங்க பேரத்தான் பொறுப்புல போட்டிருக்கேன். இப்பத்தான் மீட்டிங்கில சொன்னாங்க, நீங்க எங்கே கவனிச்சீங்க?"

"எர்த் வயரயாவது போட்டுடலாமே."

"இப்பப் போட்டா, இத்தனை நாளா இல்லேன்னு ஆயிடாதா?"

கேபிள்காரர் பிடுங்கிய முனையை ஜன்னலோரம் வைத்தார்.

"வெறிச்சதும் செருகுங்க. அவங்க உங்களப் பாராட்டணுமாம்," என்றபடி மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார், காமிராவில் இருவரும் தெரியும்படி.