பாதி முகம் தெரிகிற கேமரா

கடைத்தெருவில் அவளுக்குக் ‘கடைசி விலை’ என்று பெயர். யார் எந்தக் கேமராவைக் கையில் எடுத்தாலும், “கடைசி விலை சொல்லிடறேன்” என்றுதான் ஆரம்பிப்பாள். அதற்கப்புறம் இன்னும் நாலைந்து கடைசி விலைகள் வரும். பழைய கேமராக்களை வாங்கி விற்கும் அந்த ஒற்றை அறைக் கடையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். தடுப்புக்குப் பின்னால் ரிப்பேர் மேஜையில் அவள் தம்பி, கண்ணில் பூதக்கண்ணாடியும் கன்னத்தில் வீக்கமுமாக. வீக்கத்துக்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல். நாலு மாதமாக வலி. எந்த இயந்திரத்தையும் அஞ்சாமல் பிரித்துப் போடுகிறவன், தன் வாய்க்குள் ஒருவர் குறடோடு வருவார் என்று நினைத்தாலே வியர்த்துப் போவான்.

தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்: கடைச் சரக்கு வீட்டுக்கு வராது. விற்கிறவள் ஆசைப்பட ஆரம்பித்தால் கல்லாவுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றே குழம்பிவிடும் என்பாள்.

அந்தச் சட்டத்துக்கு வேட்டு வைக்க ஒரு திங்கட்கிழமை பல் டாக்டர் வந்தார். பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி வந்து, துணிப்பையைப் பிரித்தார். உள்ளே கறுப்பாய், கனமாய், ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா.

“அக்கா, சனிக்கிழமை வரைக்கும் உங்க பொறுப்பு. வித்துக் கொடுத்தா கமிஷன் உங்களுக்கு. இல்லன்னா அடுத்த தெருக் கடையில குடுத்துடுவேன்” என்று விலையைச் சொன்னார்.

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அந்த விலைக்கு நல்ல ஓட்டத்தில் இருக்கிற பழைய கார் ஒன்று வாங்கலாம். டேங்கை நிரப்பியும் எடுத்துக்கொண்டு வரலாம்.

“ஏன் டாக்டர் விக்கறீங்க?”

“புது மாடல் வந்திருக்கு.”

“அதுல என்ன கூடுதலா இருக்கு?”

“கூடுதலா ஒண்ணும் இல்ல. பின்னாடி இருந்த திரையை எடுத்துட்டாங்க.”

“எடுத்துட்டு விலையைக் குறைச்சாங்களா?”

“ஏத்திட்டாங்க” என்றார் டாக்டர், பெருமையாக.

அவள் தடுப்புப் பக்கம் திரும்பினாள். “டேய், கேட்டுக்கோ. இருக்கறதை எடுத்துட்டு விலையை ஏத்தறாங்களாம். நாம பை, பட்டை, பேட்டரின்னு இனாமாக் குடுத்தே தேய்ஞ்சு போனோம்.”

போகிறபோது டாக்டர் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “தம்பி, வீக்கம் போன வாரத்தைவிட ஒரு சுற்று பெருத்திருக்கே? வாயைத் திற பார்ப்போம்.” தம்பி மேஜைக்கடியில் விழாத ஸ்க்ரூவைத் தேடக் குனிந்துவிட்டான்.

கமிஷன் சரக்கை ஒருநாள் பயன்படுத்திப் பார்க்காமல் அவள் விற்கமாட்டாள். செவ்வாய்க்கிழமை காலை, முதல் வேலையாக அதன் கார்டைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் டாக்டர் எடுத்தது நாற்பத்தொரு படம். அதில் பதினொன்று ஒரே காபிக் கோப்பை. பதினொன்றிலும் கோப்பை மங்கல். மேஜைத் துணி மட்டும் நூல் எண்ணலாம் போலத் துல்லியம்.

“அவர் மேலயும் தப்பு இல்லக்கா” என்றான் தம்பி. “இதுல எதுவும் தானா நடக்காது. கேமரா மூலையில இருக்கற இந்தச் சின்ன ஜன்னல் வழியாப் பாரு. நடுவுல சின்னதா ஒரு வெளிச்சக் கட்டம் தெரியுதா? அதுல எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியும். வளையத்தைத் திருப்பு. ரெண்டும் ஒண்ணாச் சேர்ற இடம்தான் ஃபோகஸ்.”

“இவ்வளவு காசு குடுத்தும் நான்தான் திருப்பணுமா?”

“அதுக்குத்தான் காசே.”

அவள் இடது கையால் வளையத்தைத் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தபோது அவள் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். லிஃப்ட் மெக்கானிக். பக்கத்துக் கட்டடத்தில் வேலையை முடித்துவிட்டு, முழங்கை வரை கிரீஸோடு, மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். ஊரில் அவரைப்போல வாய்விட்டுச் சிரிக்க ஆளில்லை. ஆனால் கேமரா என்ற ஒன்றை யாராவது தூக்கிவிட்டால் போதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையைத் தொடையோடு ஒட்டி, எக்ஸ்ரே எடுக்க நிற்கிறவர் மாதிரி ஆகிவிடுவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இருபத்திரண்டு வருஷமும் எக்ஸ்ரேதான். கேமராக் கடைக்காரி வீட்டு ஆல்பத்தைப் பார்த்த சொந்தக்காரர்கள், “இவரை மிரட்டியா கல்யாணம் பண்ணினே?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா?” என்று கையைத் துடைத்தபடியே ஆரம்பித்தார். “நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல ஒரு ஆபீஸர் மாட்டிக்கிட்டார். கதவிடுக்கு வழியா என்னைப் பார்த்து, ‘சீக்கிரம் திறங்க, மேலே எனக்கு முக்கியமான மீட்டிங்’ங்கறார். என்ன மீட்டிங் சார்னு கேட்டா, ‘லிஃப்ட் அடிக்கடி நிக்குதுன்னு கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கு, அதை விசாரிக்க’ங்கறார்!”

சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரிய ஒரு சிரிப்பு. கட்டத்துக்குள் இரண்டு வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவள் வளையத்தைத் திருப்பினாள். இரண்டு பேரும் ஒருவரானார்கள். அமுக்கினாள். நகம் வெட்டுகிற சத்தம்கூட இல்லை.

திரையில் படத்தைப் பார்த்தாள். அவருடைய சிரிப்பு, கண்ணோரச் சுருக்கம், புருவத்தில் ஒட்டிய கிரீஸ் எல்லாம் அப்படியே இருந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் புருஷன் படத்தில் விழுந்திருக்கிறார்.

“தற்செயலாக் கிடைச்சது. இதையே போன்லயும் எடுக்கலாம்” என்றான் தம்பி.

“எடுத்துப் பாரு.”

போனைத் தூக்கினான், எக்ஸ்ரே. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக ஆறு கேமராவை இறக்கி அவள் கையில் கொடுத்தான். ஆறும் எக்ஸ்ரே. மறுபடி டாக்டரின் கேமராவை எடுத்தாள். வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, “இன்னுமா விளையாடறே? வந்து சாப்பிடு” என்று சிரித்தார். அதுவும் விழுந்தது.

“என்ன மச்சான் இது, ஆளுக்கொரு நியாயம், கேமராவுக்கொரு மூஞ்சியா?” என்று தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

வீட்டுக்காரர் மென்றபடியே யோசித்தார். “அதுல எல்லாம் உங்க அக்கா காணாமப் போயிடறாடா. மூஞ்சி இருக்கற இடத்துல ஒரு கறுப்புப் பெட்டிதான் இருக்கு. பெட்டியைப் பார்த்து எவன் சிரிப்பான்? இதுல ஜன்னல் ஓரத்துல இருக்கறதால அவ மூஞ்சி பாதி தெரியுது. ஒரு கண்ணால என்னைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கா. அந்தப் பாதிகிட்ட நான் பேசறேன்.”

சொல்லிவிட்டு அடுத்த வாயைப் போட்டுக்கொண்டார். அவர் போன பிறகும் அவள் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

“அக்கா” என்றான் தம்பி மெதுவாக, “கடைச் சரக்கு வீட்டுக்கு வராது.”

“நான் ஏதாவது சொன்னேனா?”

“சொல்லல. ஆனா அரை மணி நேரமா அதைத் தொடைக்கிறே.”

புதன்கிழமை முதல் ஆள் வந்தான். இன்ஜினியர், புதுச் சம்பளம், புதுத் தாடி. அவளுக்கு விற்க மனமில்லை. பொய் சொல்லித் துரத்தவும் மனமில்லை. சரக்கைப் பற்றிப் பொய் சொன்ன நாள் அவள் கடையில் கிடையாது. ஆகவே உண்மையை அவிழ்த்துவிட்டாள்.

“கடைசி விலை சொல்லிடறேன் தம்பி, ஆனா குறையை முதல்ல கேட்டுக்குங்க. தானா ஃபோகஸ் ஆகாது.”

“ஆகாதா?” என்றான், கண்ணில் ஒரு வெளிச்சத்தோடு.

“ஜூம் கிடையாது. வீடியோ கிடையாது. ரொம்பக் கிட்டப் போனா எடுக்காது. ஒருதரம் கீழே விழுந்தா உள்ளே கோணிக்கும், அப்புறம் எல்லாமே மங்கல்தான். லென்ஸ் மூடியைக் கழட்ட மறந்தாக்கூட ஜன்னல்ல எல்லாம் தெளிவாத் தெரியும். நாள் பூரா எடுத்துட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தா அத்தனையும் இருட்டு.”

“அப்போ எல்லாத்தையும் நாமதான் கத்துக்கணும், இல்லையா?” இன்ஜினியர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுவிட்டான்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் பார்க்காத கூத்து. மற்றக் கேமராவில் ஒரு சின்னக் கீறலைக் காட்டினால் பாதி விலைக்குக் கேட்பார்கள். இதில் குறையைச் சொல்லச் சொல்ல ஆள் உருகினான். நல்ல வேளை, போனில் மனைவியைக் கேட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் கடை முழுக்கக் கேட்டது. கேமராவைத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். முகம் தெரியாத அந்தப் பெண்ணை அவள் மனதார வாழ்த்தினாள்.

வெள்ளிக்கிழமை வந்த வக்கீல் அப்படிப்பட்டவர் அல்ல. ஒண்டிக்கட்டை. பணத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அவளும் விடாமல் அத்தனை குறையையும் ஒன்றொன்றாக அடுக்கினாள். வக்கீல் கண்ணை மூடிக் கச்சேரி கேட்பதுபோலக் கேட்டார்.

“அற்புதம்மா. இது எல்லாருக்கும் ஆகாது. இதுக்கு ஒரு தகுதி வேணும்” என்று பையின் ஜிப்பைத் திறந்தார்.

தடுப்புக்குப் பின்னால் தம்பி பெருமூச்சு விட்டான். அந்த ஜிப் சத்தத்திலும் ‘தகுதி’ என்ற அந்த ஒரு சொல்லிலும் அவளுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. இத்தனை நாள் எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தோம்!

“தகுதியாவது ஒண்ணாவது சார்” என்றாள் வாயெல்லாம் சிரிப்பாக. “நான்தான் சும்மா பயமுறுத்திட்டேன். ரொம்ப ரொம்பச் சுலபம். லென்ஸ்ல வெளிச்சம் போற துளையைச் சின்னதா வச்சு, வளையத்தை மூணு மீட்டர்ல நிறுத்திட்டா அப்புறம் தொடவே வேண்டாம். வெயில்ல எதைப் பார்த்து அமுக்கினாலும் தெளிவா விழும். எங்க வீட்டுக்காரர்கூட நேத்து ஒரு படம் எடுத்தார், கையில கிரீஸோட. மூணு வயசுக் குழந்தைகிட்டக் குடுங்க, அதுவும் எடுக்கும்.”

அத்தனையும் உண்மை. வக்கீலின் முகம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு படி இறங்கியது.

“குழந்தைகூடவா?”

“குழந்தைகூட!”

ஜிப் மூடிக்கொண்டது. “யோசிச்சுச் சொல்றேம்மா” என்று எழுந்து போனார். தம்பி தடுப்புக்கு மேலே தலையை நீட்டினான். “புகழ்ந்தே துரத்திட்டியே அக்கா! இது எந்தக் கடையில படிச்சது?”

சனிக்கிழமை பல் டாக்டர் வந்தார். கடைக்கு ஏசி போட எடுத்து வைத்திருந்த பணம் ஒரு கவரில் கல்லாவுக்குள் தயாராக இருந்தது. போதாததற்குக் கைச்சேமிப்பும். ஆள் வந்தும் விற்காமல் விட்டிருக்கிறோம். டாக்டருக்கு ஒரு காசும் குறையக்கூடாது, கமிஷனும் வேண்டாம் என்று அவள் தீர்மானம் செய்திருந்தாள்.

“டாக்டர், நானே எடுத்துக்கறேன். நீங்க சொன்ன விலை, முழுசா” என்று கவரை நீட்டினாள்.

டாக்டரின் கை பாதியில் நின்றது. “முழுசாவா?”

“முழுசா.”

“பேரம் பேசாமயா?”

“பேசாம.”

டாக்டர் அவளைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இல்லக்கா. நீங்க பேரம் பேசாம ஒண்ணை வாங்கறீங்கன்னா அதுல ஏதோ இருக்கு. இந்த மாடல் விலை ஏறப்போகுதா? ஏதாவது அபூர்வ நம்பரா? நான் விக்கலை.”

தடுப்புக்குப் பின்னால் ஏதோ கொட்டி உருண்டது. முதல்முறையாகப் பேரம் பேசாமல் நேராக நடந்தாள். அதற்கு இந்தத் தண்டனை. நீட்டிய கவரைப் படாரென்று இழுத்துக் கல்லாவில் போட்டாள்.

“சரி, உங்களுக்கு மரியாதை குடுத்தது என் தப்பு. கடைசி விலை சொல்லிடறேன். இதுல பாதி.”

டாக்டரின் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. “பாதியா! என்னக்கா இது, பகல் கொள்ளை?”

“கொள்ளையா? நீங்க பல்லுக்கு வாங்கறதுக்கு என்ன பேராம்? இதுல பெட்டி பாதி, கம்பெனிப் பேர் பாதி டாக்டர். பேருக்கு நான் காசு குடுக்கமாட்டேன். பதினொரு காபிக் கோப்பை எடுத்திருக்கீங்களே, ஒண்ணாவது தெளிவா விழுந்துதா?”

“அது வேணும்னே அப்படி எடுத்தது!”

“அதை வாங்கறவன்கிட்டச் சொல்லுங்க.”

ஒரு மணி நேரம் பேசினார்கள். டாக்டர் இரண்டு தரம் கோபித்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். அவள் ஒருதரம் கேமராவைப் பையில் போட்டு அவர் கையிலேயே திணித்தாள். முடிவில், கேட்ட விலையில் எட்டில் ஒரு பங்கு குறைத்துத்தான் வாங்குவேன் என்று அவள் மனசுக்கு விரோதமாக அடம் பிடித்து ஜெயித்தாள். ஜெயித்த பிறகும் உறுத்தியது.

“டாக்டர், குறைச்ச காசுக்கு ஈடா ஒண்ணு தர்றேன்” என்றாள். “அந்தப் பல்.”

“எந்தப் பல்?” என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து அலறல் வந்தது.

“நாலு மாசமா நீங்க கண்ணு வச்சிருக்கீங்களே, அதேதான். முழுக் கட்டணம், பேரம் கிடையாது. இப்பவே கூட்டிட்டுப் போங்க.”

டாக்டர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். தம்பி பின்வாசலைப் பார்த்தான்; கட்டிவைத்த காலி அட்டைப்பெட்டிகள் அதை மறைத்துக்கொண்டிருந்தன. காலையில் அடுக்கச் சொன்னது அக்காதான்.

இரண்டு மணி நேரம் கழித்து, வாயில் பஞ்சும் மரத்துப்போன பாதி உதடுமாகத் தம்பி திரும்பி வந்தான். வாசலிலேயே நின்று அக்காவைத் திட்ட ஆரம்பித்தான். “ஏஷியும் போஷ்ஷு, பல்லும் போஷ்ஷு…” அவள் கேமராவைத் தூக்கினாள். தம்பி அந்தப் பாதி முகத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தான்.

ஜன்னலில், படம் விழுகிற இடத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு வெளியிலும் தெரு தெரிந்தது. கோட்டுக்கு வெளியே, வலது பக்கம், கிரீஸ் கையோடு வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். தம்பி பேசுவது அவர் காதில் விழுந்துவிட்டது. சிரிப்பு தோளில் கிளம்பி வயிற்றைக் குலுக்கத் தொடங்கியிருந்தது. அவள் வளையத்தைத் திருப்பித் தயாராக வைத்துக்கொண்டு, அவர் கோட்டைத் தாண்டி உள்ளே வருவதற்காகக் காத்திருந்தாள்.