மாமிக்குக் கொடுத்த கோபம்

என்னைக் கூப்பிட்டது என் பெயருக்காகத்தான். மதிவாணன் அதை மறைக்கவில்லை.

"மச்சி, தௌசீஃப்னு ஒரு பேர் டைட்டில்ல வந்தா போதும்னு சொல்றாங்க. எழுதவும் செஞ்சின்னா எக்ஸ்ட்ரா சந்தோஷம்."

மதிவாணன் கல்லூரியில் என்னோடு படித்தவன். இப்போது டைரக்டர். ஓர் ஓடிடி நிறுவனத்துக்கு வெப் சீரிஸ் எடுக்கிறான். கதை மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நடக்கிறது. கீழ்த்தளத்தில் ஐயர் குடும்பம். முதல் மாடியில் முஸ்லிம் குடும்பம். இரண்டாவது மாடியில் கிறிஸ்தவக் குடும்பம். நட்சத்திரம் தொங்கவிட வேண்டும் என்பதால் பால்கனி அவர்களுக்கு மட்டும். மொட்டை மாடி அறையில் அஸ்ஸாமிலிருந்து வந்த ஒருவன்.

இப்படி ஒரு கட்டடம் மயிலாப்பூரில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் நானும் தபஸ்ஸும்மும் அந்தப் பக்கம் வீடு தேடியிருக்கிறோம். பெயரைச் சொன்னதும் வீடு போன வாரமே போய்விட்டது என்பார்கள். டு-லெட் போர்டு தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

மதிவாணன் சிரித்தான். "அதுக்குத்தான் மச்சி கதைன்னு பேர் வெச்சிருக்காங்க."

தபஸ்ஸும் என் மனைவி. அடையாறில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தினாள். போன மழைக்காலத்தில் டெங்குவில் இறந்துபோனாள்.

வேலையை ஒப்புக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்திருப்பதை தி.நகரில் போய்ச் செய்யலாம். இன்னொரு காரணமும் இருந்தது. அவளுடைய வாய்ஸ் நோட்டுகள் என் போனில் நிறைய இருக்கின்றன. பால் வாங்கிட்டு வா. லேட் ஆகும். சாவி எங்கே. எல்லாமே நல்ல மனநிலையில் பேசியவை. அவள் சண்டை போடும் குரல் ஒன்றில்கூட இல்லை. சண்டையை யாரும் பதிவு செய்து வைத்துக்கொள்வதில்லை. எனக்கு முதலில் மறக்க ஆரம்பித்தது அந்தக் குரல்தான். ஒரு நடிகை அதைச் சத்தமாகப் பேசினால் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் மாடிப் பெண்ணுக்கு வஜீஹா என்று பெயர் வைத்துவிட்டு தபஸ்ஸும்மை எழுதினேன்.

தபஸ்ஸும் கோபம் வந்தால் ஃபேன் துடைப்பாள். ஆள் குள்ளம். தரையில் நின்றால் என்னை அண்ணாந்து பார்த்துத் திட்ட வேண்டும். திட்டுக்கு அது மரியாதை இல்லை என்பாள். சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஈரத்துணியால் இறக்கையைத் துடைத்துக்கொண்டே மேலிருந்து திட்டுவாள். அந்த ஸ்டூல் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அவள் அப்பா கலீமுல்லா ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நிக்காஹ் முடிந்த மறுநாள் ஸ்டூலை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "ஒரு காலு கட்டை. அவ ஏறுனா புடிச்சுக்க தம்பி" என்று சொன்னார். எனக்கு அவர் கூறிய ஒரே அறிவுரை அது.

ஆகவே திட்டு வாங்குபவனே ஸ்டூலையும் பிடிக்க வேண்டும். தூசி என் தலையில் கொட்டும். அவளுக்கு வகுப்பில் நல்ல தமிழ், அம்மாவிடம் உருது, கோபத்தில் மட்டும் மந்தைவெளி பஸ் டிப்போ.

"இன்னா பாத்துக்கினு கீற? கோவமாத்தான் கீறேன். ஸ்டூல வுட்டுடாத."

இதை அப்படியே எழுதினேன்.

பாண்டிபஜாருக்குப் பின்னால் ஒரு ஃப்ளாட்டில்தான் டிஸ்கஷன். தரையில் மெத்தை, நடுவில் பஜ்ஜித் தட்டு. எழுதியவர் சீனைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அதுதான் வழக்கம். மற்றவர்கள் சிரிக்கிறார்களா, போனைப் பார்க்கிறார்களா என்பதை வைத்து சீன் பிழைக்கும் அல்லது சாகும்.

நான் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மதிவாணன் தொடையில் தட்டினான். அனுப்ரியாவும் சிரித்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

அனுப்ரியாவை ஓடிடி நிறுவனம் அனுப்பியிருந்தது. கதையில் எல்லாச் சமூகமும் இருக்கிறதா, எந்தச் சமூகமும் புண்படாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அடையாறு பெண். கெட்டிக்காரி. பஜ்ஜியில் எண்ணெயைத் தாளில் ஒற்றிவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

"சீன் சூப்பர் சார். ஆனா இதுல அவங்க முஸ்லிம்னு எங்க தெரியுது?"

"பேர் வஜீஹா."

"பேரைத் தவிர?"

யோசித்தேன். "ஃபேன் தொடைக்கிறாங்க."

"அதை எல்லாரும்தான் பண்றாங்க."

"ஆமா."

"அப்ப ஆடியன்ஸுக்கு எப்படித் தெரியும்? ஒரு கல்ச்சர் வேணும் இல்லையா சார்? வீட்ல பிரியாணி வாசம் வரட்டும்."

"இந்த சீன் செவ்வாய்க்கிழமை நடக்குது."

"செவ்வாய்க்கிழமை நீங்க பிரியாணி செய்ய மாட்டீங்களா?" போனில் குறித்துக்கொள்ளத் தயாரானாள்.

"செவ்வாய்க்கிழமை எங்க வீட்ல புடலங்காய்."

மதிவாணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அனுப்ரியா சிரிக்கவில்லை. "நான் கேலி பண்ணலை சார். இன்னொரு விஷயம். ஒரு முஸ்லிம் பொண்ணு புருஷனை இப்படித் திட்டற மாதிரிக் காட்டினா, ஹர்ட் ஆவாங்க."

"யாரு?"

"உங்க கம்யூனிட்டி."

"எனக்கு ஹர்ட் ஆகலையே."

"நீங்க ஒரு தனி ஆள் சார்."

ஒரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நிஜமாவே சொல்றேன். மேல இருக்கறவங்களுக்குப் பயம். முஸ்லிம் கேரக்டர்னா நல்லவங்களா இருக்கணும், பொறுமையா இருக்கணும், யாரும் கேஸ் போடக் கூடாது. இல்லைன்னா அந்தக் குடும்பத்தையே தூக்கிடலாம்னு சொல்வாங்க. போன சீரிஸ்ல அப்படித்தான் ஒரு வீட்டையே காலி பண்ணிட்டாங்க. நான் அவங்களை உள்ள வெச்சிருக்கத்தான் சண்டை போடறேன்."

அவள் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அதனால் கோபப்படவும் முடியவில்லை. மயிலாப்பூரில் முஸ்லிம்களுக்கு ஒரு வீடு வாங்கித் தர அந்தப் பெண் போராடிக்கொண்டிருந்தாள். குடியேறுபவர்கள் கோபப்படக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அப்புறம் வஜீஹா மாற ஆரம்பித்தாள். வேதியியல் போனது. உருதுக் கவிதை வந்தது. காபி போய் சுலைமானி டீ வந்தது. தலையில் எப்போதும் முக்காடு, அதற்குக் கீழே மை. கீழ்வீட்டுச் சண்டையையும் மேல்வீட்டுச் சண்டையையும் அவள்தான் தீர்த்துவைப்பாள். தீர்த்துவைத்ததும் ஒரு கிண்ணத்தில் ஈத் பாயசம், ஷீர் குர்மா, கொடுப்பாள். ஈத் வருஷம் முழுவதும் நடந்தது.

"தபஸ்ஸும் இதைப் பார்த்தா?" என்று மதிவாணன் கேட்டான். அவன் அடக்கத்துக்கு வந்தவன். மண் போட்டவன்.

"ஃபேன் தொடைப்பா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். புரிந்ததா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் சிகரெட்டை உருட்டிக்கொண்டிருந்தான். "மச்சி, ஒண்ணு சொல்றேன், அடிக்காத. அந்த ஸ்டூல் சீனு செம சீனு. வேஸ்ட் பண்ணாத. மாமிக்குக் குடு."

"எந்த மாமி?"

"கீழ்வூட்டு மாமி. அவ கத்துனா யாருக்கும் ஹர்ட் ஆவாது நைனா. மாமி கத்துனாலே ஜனம் சிரிக்கும்."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒன்று, முதல் மாடியில் அவள் இருப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். அல்லது, அவள் வாய் மட்டும் கீழ் வீட்டில் இருக்கும். எனக்கு வாய்தான் வேண்டியிருந்தது. இருந்தாலும் அவள் ஆட்களை மேலே விட்டுவிட்டு அவளை மட்டும் கீழே இறக்கிக் கொண்டுபோவது திருட்டு மாதிரி இருந்தது. அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அந்தக் குரலிலேயே யோசித்துப் பார்த்தேன். குரல் வரவில்லை. உட்கார்ந்து மாற்றி எழுதினேன்.

சுலபமாக இருந்தது. மந்தைவெளியில் வளர்ந்தவனுக்கு மாமித் தமிழ் எதிர்வீட்டிலிருந்தே வந்துவிடும். தபஸ்ஸும் என்னை ஒருமையில் திட்டினாள், மாமி பன்மையில் திட்டினாள். கோபத்தில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

"என்ன பாத்துண்டிருக்கேள்? கோவமாத்தான் இருக்கேன். ஸ்டூலை விட்டுடாதேங்கோ."

அனுப்ரியா படித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "எங்க பாட்டி வீட்டுக்குள்ள போயிட்டு வந்த மாதிரி இருக்கு சார். அவ்வளவு ஆத்தென்டிக். யாராவது மாமி ஹெல்ப் பண்ணாங்களா?"

"ஒருத்தங்க."

"அவங்களுக்கு டைட்டில்ல தேங்க்ஸ் போடலாமே."

"வேண்டாம். வீட்டோட இருக்கறவங்க."

பாலவாக்கத்தில் ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு பங்களாவில் ஷூட்டிங். உள்ளே மயிலாப்பூர் வீடு போட்டிருந்தார்கள். வஜீஹாவாக மும்பையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். தமிழ் தெரியாது. பேச அதிகம் இல்லாததால் பிரச்சினை இல்லை. காலையிலிருந்து கையில் கிண்ணத்தோடு நின்றார்.

மாமியாக நடித்தவர் தங்கபுஷ்பம். திருச்செந்தூர்ப் பக்கம். மாமிக்கு மடிசார் கட்டிவிட்டிருந்தார்கள். ஃபேன் துடைக்க மடிசார் கட்டும் மாமியை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று உடை விஷயத்தில் பாரபட்சம் எதுவும் காட்டப்படவில்லை.

"சார், மாமி பேச்சு வரணும்னு ஒரு மாசமா யூடியூப் பாக்கேன்" என்றார் தங்கபுஷ்பம். "ஆனா ஒண்ணு புரியல. இந்தம்மா கோவத்துல எதுக்கு ஃபேனைத் தொடைக்காவ?"

"குள்ளம். உயரத்துல இருந்து திட்டணும்."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "சரியாத்தான் செய்யாவ" என்றார்.

ரிகர்சலில் மதிவாணன் கை தூக்கி நிறுத்தினான். வெளிச்சத்துக்காகக் கணவனை வாசல் கதவருகே நிறுத்தியிருந்தான். "புருஷன் அங்க நிக்கிறான், இவ ஸ்டூல விடாதங்குறா. லாஜிக் இடிக்குது. அந்த லைனத் தூக்கிடலாம்."

"லாஜிக்கா?" என்றேன். "மேல்வீட்டு அம்மா காலையிலிருந்து கிண்ணத்தோட நிக்கிறாங்க."

"டேய்."

"அந்த லைன் இருக்கணும் மதி. கணவர் வந்து பிடிக்கட்டும்."

"அவர் இங்க வந்தா நிழல் விழும் மச்சி. ஃப்ரேமே இடுப்பு வரைக்கும்தான். ஸ்டூலே தெரியாது. யாரு புடிச்சா இன்னா?"

"அப்ப நான் பிடிக்கிறேன்."

மதிவாணன் என்னையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தான். செட் ஸ்டூல், நான்கு கால்களும் சமம். யாரும் பிடிக்கத் தேவையில்லை. அவனுக்கு அப்போது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "ஒரு டேக்" என்றான். "உக்காரு. தலைய தூக்காத."

கேமராவுக்குத் தெரியாமல் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். தங்கபுஷ்பம் ஏறினார். கண்ணுக்கு நேரே மெட்டி போட்ட கால்விரல்கள். ஆக்ஷன் என்றார்கள். அவர் துடைக்க ஆரம்பித்தார். கலை இயக்குநர் ஃபேன் மேல் தூவி வைத்திருந்த மாவு என் தலையில் கொட்டியது. மேலிருந்து திட்டு வந்தது. சொல்லாமல் விருந்தாளியைக் கூப்பிட்டது, கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்தது, இரண்டுக்கும் நடுவில் என் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் திருச்செந்தூர், பேச்சு மயிலாப்பூர், ஆனால் தபஸ்ஸும் மூச்சு விட நிறுத்தும் இடங்களில் அந்த அம்மாளும் நிறுத்தினார். நான் எழுதும்போது அந்த இடங்களில் புள்ளி வைத்திருந்தேன்.

கடைசி வரியை அவர் கதவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கீழே குனிந்து என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"கோவமாத்தான் இருக்கேன். ஸ்டூலை விட்டுடாதேங்கோ."

கட் சொன்ன பிறகும் நான் விடவில்லை. "சார், எறங்கணும்" என்றார் தங்கபுஷ்பம்.

சீரிஸ் வெளியானது. வஜீஹாவை எல்லோரும் பாராட்டினார்கள். முஸ்லிம் பெண்ணை இவ்வளவு கண்ணியமாக யாரும் காட்டியதில்லை என்று ஒரு விமர்சனம். சீரிஸை எழுதியவருக்குத் தௌசீஃப் என்ற பெயர் இருப்பதுதான் இதற்குக் காரணம் என்றும் இருந்தது. அனுப்ரியா அதை அனுப்பி மூன்று இதயங்கள் போட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலீமுல்லா மாமா போன் செய்தார்.

"உன் படம் பாத்தோம் தம்பி. அந்தப் பொண்ணு யாரு, கிண்ணத்தையே தூக்கிக்கினு திரியுதே. வூட்ல வேற வேலையே இல்லியா அதுக்கு?"

"நம்ம ஆளுங்க மாமா."

"நம்மள்ல யாருப்பா அப்டி?" செருமினார். "உங்க அத்த எழுந்து போய்ட்டா. நான் மட்டும் பாத்துக்கினு இருந்தேன்."

பின்னால் அவர் வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"எம் பொண்ணுக்கு மடிசார் கட்டி வுட்டுட்டியே தம்பி."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நல்லாத்தான் திட்டுனா" என்றார். "ஆனா புருஷங்காரன் கதவாண்ட நிக்கிறான். அவ கீழ குனிஞ்சில்ல சொல்றா, ஸ்டூல வுடாதன்னு. ரெண்டு மூணு வாட்டி நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். கீழ யாரு புடிச்சுக்கினு இருந்தது?"

"நான்தான் மாமா."

"ம்" என்றார். "அதான் ஆடல."