ஒன்பதேகால் வெயிலில் ஒரு சீத்தாப்பழம்

சரசா அந்தச் சீத்தாப்பழத்தைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்தது 2002 செப்டம்பர் முதல் தேதி. அப்போது அது பச்சையாக, கல் மாதிரி இருந்தது. காலை ஒன்பதேகாலுக்கு எதிர் பில்டிங்கின் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வெயில் வரும். பத்து நிமிஷம் பழத்தின் மேல் நின்றுவிட்டுப் போய்விடும். அதற்குள் ஒரு படம் எடுப்பாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

சிஞ்ச்வட்டில் ஒரு போட்டோ கிளப்பின் கண்காட்சிக்காக அது. நிபந்தனை கடுமையானது. ஒரே ஃபிலிம் ரோல், முப்பத்தாறு படம். எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே ஒரு பெரிய தாளில் அச்சிட்டுத் தர வேண்டும். ஒன்றைக்கூட விடவோ மறைக்கவோ கூடாது. சேர்ந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் லோணாவ்ளாவுக்குப் போய் அருவியை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"திங்கற வஸ்துவை இப்படியா காயப்போடுவா?" என்றார் அவள் கணவர் ஜம்புநாதன், நாலாம் நாள் பழம் வெடித்தபோது.

"திங்க வேற வாங்கியிருக்கேன். ஃப்ரிட்ஜில இருக்கு."

பத்தாம் நாள் பழம் கறுத்தது. எறும்பு வரிசை கட்டியது. வேலைக்கு வரும் வைஷாலி குப்பை வாளியை நீட்டி, "தாயி, டாகூ கா?" என்று, தூக்கிப் போடட்டுமா என்று மராட்டியில் தினமும் கேட்டாள். "நக்கோ", வேண்டாம், என்று சரசாவும் தினமும் சொன்னாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டில் அழுகலா என்று ஜம்புநாதன் கேட்டதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமே இல்லை. பேங்க்கில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த இந்த ஒன்றரை வருஷத்தில், சில நாள் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அவள் வாயே திறந்ததில்லை.

இருபத்திரண்டாம் நாள் அவள் மூச்சைப் பிடித்து அழுத்தும் நேரத்தில், ஹாலிலிருந்து "சரசா, காபி!" என்று ஒரு கத்தல். கை அசைந்துவிட்டது. படம் கலங்கியிருக்கும் என்று தெரிந்தது. வெயில் இன்னும் இருந்தது. இருந்தாலும் அன்றைக்கு இன்னொன்று எடுக்கவில்லை.

முப்பதாம் நாள் ஜம்புநாதன் ரிட்டயர் ஆனார். முப்பத்து நாலு வருஷம் ஒரே தொழிற்சாலை. சால்வை, ரோஜா மாலை, ஒரு சுவர்க் கடிகாரத்தோடு சாயங்காலம் ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். பாயசத்துக்குப் பால் போதவில்லையென்று சரசா கீழே போய்விட்டுத் திரும்பி வந்தபோது, ஹடப்சர் ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்திருந்த மகன் கௌஷிக் கையில் அவள் காமிரா இருந்தது. ஜம்புநாதன் மாலையோடு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை எடுத்தே?"

"ஃபோர், அம்மா. இன்னும் டூ இருக்கு. ரோல்ல மிச்சம் இருந்துதே, வேஸ்ட் ஆகப்படாதுன்னு..."

கல்யாணம், பிறந்தநாள், திருப்பதி என்று மிச்ச ஃபிலிமை எதிலாவது தீர்த்துவிட்டுக் கழுவக் கொடுக்கிற வீடுதான் அது. அவளே அப்படிச் செய்தவள்தான். காமிராவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பாயசம் பரிமாறினாள்.

அவள் கணக்கில் இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது. அதில் நாலு நாளை அவர்கள் ஒரே சாயங்காலத்தில் தீர்த்துவிட்டார்கள்.

அடுத்த நாலு நாளும் ஒன்பதேகாலுக்குக் காமிராவோடு ஜன்னலண்டை வந்து நின்றாள். கண்ணை வைத்துப் பார்த்தாள், அழுத்தவில்லை. வெயில் வந்துவிட்டுப் போயிற்று. இப்போது வீட்டிலேயே இருக்கும் ஜம்புநாதன் பேப்பருக்கு மேலாக அவளைப் பார்த்தார். முப்பத்தைந்தாம் நாளும் முப்பத்தாறாம் நாளும் மட்டும் அழுத்தினாள்.

அச்சிட்ட தாளைப் பார்க்க ஸ்டூடியோவுக்கு அவரும் கூடவே வந்தார். ஸ்டூடியோ நடத்தும் கோயம்புத்தூர்க்காரர் பாஸ்கர் அதை மேஜையில் விரித்தார். பச்சை, வெடிப்பு, கறுப்பு, சுருக்கம். ஐந்தாவது வரிசை முடிந்ததும் நாலு ஜம்புநாதன், மாலையோடு. பிறகு கரிக்கட்டை மாதிரி இரண்டு சீத்தாப்பழம்.

ஜம்புநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த நாலு படத்து மேலயும் கறுப்புக் காகிதம் ஒட்டிடுங்கோ."

"மறைச்சா கிளப்புல எடுத்துக்க மாட்டாங்களே சார்" என்றார் பாஸ்கர்.

"எடுத்துக்க வேண்டாம். சிஞ்ச்வட்ல என்னைத் தெரியாதவா யாரு? ஃபேக்டரி ஆளெல்லாம் வருவா. அழுகல் நடுவுல மாலையும் கழுத்துமா... நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். அது எதற்கென்று சரசாவுக்குத் தெரியாமல் இல்லை. மறைக்கலாம்தான். வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம். முப்பத்தாறு நாள் காலைப்பொழுதும் எறும்போடு போய்விடும்.

"ஒட்டாதீங்க பாஸ்கர்."

"சரசா!"

"உங்களை நான் கூப்பிட்டேனா? நீங்களா வந்து உக்காந்தேள். உக்காந்த எடத்துலயே இருங்கோ."

"அப்போ நான் வரப்போறதில்லை."

"சரி."

 அந்த வாரம் முழுக்க இருவரும் பேசவில்லை. கடிகாரத்தை அவரே ஆணி அடித்து மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி ஹாலில் தாள் தொங்கியது. இரண்டு பேர் மூக்கைச் சுளித்தார்கள். ஒரு பெண் வெகுநேரம் நின்று எண்ணினாள். பன்னிரண்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையில் ஜம்புநாதன் வாசலில் தெரிந்தார். கூடவே ஃபேக்டரி ஆட்கள் இருவர். அதில் ஒருவர் தாளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, ஜம்புநாதனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சரசா நகரவில்லை. தாளுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜம்புநாதன் முதல் படத்திலிருந்து தொடங்கினார். தொழிற்சாலையில் உதிரிபாகம் சோதிப்பவர் மாதிரி, விரலைத் தாளில் படாமல் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இருபத்திரண்டு கலங்கியிருக்கு."

"தெரியும். நீங்க காபி கேட்டேள்."

"வேற எடுத்திருக்கலாமே?"

"எடுக்கலை. அதையும் மறைக்கலை."

அவர் விரலை நகர்த்தினார். தன் நாலு முகத்தையும் அவசரப்படாமல் பார்த்தார். கடைசி இரண்டு பழத்தையும் பார்த்தார். பிறகு போய் ஃபேக்டரி ஆட்களோடு டீ குடித்தார். அவளுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வைஷாலி வாளியோடு ஜன்னலுக்குப் போனாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து, சரசா வாய் திறப்பதற்கு முன்னால், "நக்கோ" என்ற குரல் வந்தது.

சரசா அவர் பக்கம் திரும்பவில்லை. புது ரோலைக் காமிராவில் போட்டு மூடினாள்.