சேராத நாலடிச் சுவர்

அமீருதீன் வீட்டுக் கூடத்துச் சுவரில், கணப்பு அடுப்பு இருந்த நாலடி இடம் மட்டும், எந்த வண்ணத்தைப் பூசினாலும் மறுநாள் விடிவதற்குள் ராயபுரத்துக் கடலின் நிறத்துக்கு மாறிவிட்டது. 1948ஆம் வருஷம் பங்குனி மாதம் இது தொடங்கியது. அந்த பங்களாவைக் கட்டியவர் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர். ராயபுரத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு குளிர்காய அடுப்பு கட்டிய மனிதர் அவர் ஒருவர்தான். முப்பது வருஷத்தில் அதில் ஒரு நாளும் தீ மூட்டவில்லை. சீமைக்குக் கப்பலேறும்போது வீட்டை விற்றுவிட்டுப் போனார். வாங்கிய அமீருதீன் பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்தவர், நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். அவர் மனைவி ஜீனத் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைக்காரரின் மகள். சேலைக்கு ரவிக்கைத் துணி சேர்க்க வேண்டுமென்றால் அந்தக் கடையில் வேறு யாரும் முடிவு செய்ய மாட்டார்கள். துணி மாடிக்குப் போய், ஜீனத் கண்ணில் பட்டுத் திரும்பும். அப்படிப்பட்டவள் புது வீட்டைப் பார்க்க வந்து, கூடத்தில் வாய் பிளந்து நின்ற அடுப்பைக் கண்டு, இதை அடைத்துச் சுவரை ஒரே நிறமாக்கினால்தான் குடிவருவேன் என்று சொல்லிவிட்டு அத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அமீருதீனுக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பு நடந்தது அந்தத் தவிப்பில்தான். ஆற்று மணல் வண்டி வர இரண்டு நாளாகும் என்றார் கொத்தனார். இரண்டு நாளா என்று பதறிய அமீருதீன், கூப்பிடு தூரத்தில் கிடந்த கடற்கரையிலிருந்து நாலு கூடை மணலை அள்ளிவரச் செய்தார். கடல் மணலில் பூச்சு வேலை ஆகாதென்று ராயபுரத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பெண்டாட்டியைப் பிரிந்தவனுக்கு அந்தக் கொஞ்சமும் இருப்பதில்லை.

வண்ணம் பூச வந்த சிலுவைமுத்து துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கலந்த வண்ணத்தைக் கட்டைவிரல் நகத்தில் தொட்டு, வெயிலில் காயவைத்துப் பார்த்துத்தான் சரி என்பார். சுவரின் மற்ற பாகம் சந்தன மஞ்சள். அதே மஞ்சளைக் கலந்து அடித்தார். சாயங்காலம் ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. காலையில் நாலடியும் சாம்பல் நிறம், மத்தியானம் பச்சை, மழை தூறியபோது சேற்றுக் கலங்கல். ஏழு முறை அடித்தார். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஆற்று மணலில் மறுபடி பூசிப் பார்த்தார்கள். கடல் அதற்குள் செங்கல்வரை போயிருந்தது. தொலையட்டும் என்று முழுச் சுவருக்கும் அந்தப் பச்சையையே அடித்தார்கள்; ஈரம் காய்வதற்குள் ஒட்டு நீலமாகிவிட்டது.

"பாய், கப்பலுக்கே கலரு சேத்தவன் நானு. இந்தச் சொவரு என்னிய பேஜார் பண்ணிகினு கீது" என்று சிலுவைமுத்து பிரஷைக் கீழே வைத்தார்.

மீன் விற்கும் குப்பம்மாவுக்கு மட்டும் இதில் ஆதாயம். விடிந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கடல் தெளிந்திருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, கரைவரை நடக்கிற நடையை மிச்சம் பிடித்தாள். அமீருதீனோ வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து மாமனார் வீட்டுக்குப் போய், பெயிண்ட் இன்னும் காயவில்லை என்று சொல்லிவந்தார். பதினோரு மாதம் காயாத பெயிண்ட். ஜீனத் நம்பினாளோ இல்லையோ, வெள்ளிக்கிழமைகளில் மாடி ஜன்னலை விட்டு அவள் நகரவில்லை. கடைசியில் வண்ணாரப்பேட்டைக்குக் கூடை சுமந்து போன குப்பம்மா, இன்னார் என்று தெரியாமலே அவளிடம் அந்தச் சுவரின் பெருமையை அளக்க, ஜீனத் ஜட்கா பிடித்து உடனே கிளம்பிவிட்டாள்.

வந்து இறங்கியபோது மத்தியானம். அமீருதீன் கைகளை விரித்துச் சுவரை மறைக்கப் பார்த்தார். நாலடிக்கு அவர் உடம்பு போதவில்லை. ஜீனத் அவரை ஒதுக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். பச்சை ஓரங்களில் மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது.

"இந்தப் பச்ச எங்க அத்தா கடையில எந்தப் பீசுலயும் இல்ல" என்றாள். "இதப் போயி பதினோரு மாசமா மறச்சிகினு இருந்தீங்களா?"

நீ வர மாட்டேன் என்றாயே என்றார் அமீருதீன். ஜீனத்துக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சிலுவைமுத்துவைக் கூப்பிட்டனுப்பி, சேராத நிறத்தோடு மல்லுக்கட்டக் கூடாது, கரை போட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டாள். நாலு விரல் அகலத்துக்கு, அரக்குச் சிவப்பில், நாலு பக்கமும் அவர் கரை வைத்தார். வேண்டுமென்றே செய்த வேலைபோல அமைந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அவளுடைய பெட்டிகள் வந்து இறங்கின.

அதற்குப் பிறகு பத்து வருஷத்தில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன, மண்டி பெரிதானது, தெருவில் மின்விளக்கு வந்தது. ஜீனத் காலையில் எழுந்து சுவரைப் பார்த்து அன்றைய நிறத்தில் சேலை உடுத்தினாள். கார்த்திகை மாதக் கலங்கலுக்குத்தான் சேலை அமையவில்லை. அதற்காக அமீருதீன் மண்டியைப் பூட்டிவிட்டு சௌகார்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார். அது கிடைத்த அன்று, பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தரைக்கு ஒரு சாண் மேலேயே நடந்து வீடு வந்து சேர்ந்தார். வழியில் பார்த்தவர்கள் சலாம் சொல்லி ஒதுங்கி வழிவிட்டார்கள்.